புளி போட்டுத் தேய்த்த வாள்

என்னிடம் ஐந்து வாள்கள் இருக்கின்றன. இதைச் சொன்னதும் கேட்பவர் முதலில் என் முகத்தைப் பார்ப்பார், பிறகு தொப்பையைப் பார்ப்பார், பிறகு பேச்சை மாற்றிவிடுவார். அவர்மேல் தப்பில்லை. நான் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். வேலையில் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. இதுவரை அங்கே நான் ஓங்கிய ஆயுதம் தேதி முத்திரை ஒன்றுதான்.

ஐந்தில் இரண்டு ஜப்பான் பாணி, அதாவது கட்டானா; மூன்று ஐரோப்பியப் பாணி. பாணி என்ற சொல் முக்கியம். ஜப்பானில் அடித்த அசல் வாள் ஒன்று வாங்க வேண்டுமானால் நான் குடியிருக்கும் வீட்டை விற்க வேண்டும். வாடகை வீடு என்பதால் அதற்கும் வழியில்லை. என்னுடையவை எல்லாம் அசலின் படத்தைப் பார்த்து வேறெங்கோ பட்டறைகளில் அடித்து, என்னைப் போன்றவர்களுக்கென்றே இணையத்தில் விற்பவை. எதற்கும் கூர் கிடையாது. கூர் போடாததாகக் கேட்டுத்தான் வாங்குவேன். சட்டத்துக்கு அது நல்லது, எனக்கு நல்லது, கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுக் கூட்டும் என் மனைவிக்கு மிகவும் நல்லது. ஐந்தையும் சேர்த்து வைத்துக்கொண்டாலும் ஒரு வெண்டைக்காயை நறுக்க முடியாது.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டால் கௌரவமான பதில் இல்லை. நூலகத்தில் முதுகு கிழிந்த ஒரு வரலாற்றுப் புத்தகத்தை ஒட்ட எடுத்தேன். பசை காய வேண்டுமே என்று திறந்து வைத்த பக்கத்தில் ஒரு நீள வாளின் படம் இருந்தது. பசை காய்வதற்குள் பக்கத்தைப் படித்து முடித்தேன். மாலையில் வீட்டுக்கு வந்து கைப்பேசியில் தேடினேன். அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. அந்த வயதில் என் நண்பர்களுக்குச் சர்க்கரை வந்தது, எனக்கு வாள் வந்தது.

முதல் வாளைக் கொண்டுவந்த கூரியர்காரர், நீளமான அந்தப் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், கர்ட்டன் ராடா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு தடவை சொன்ன பொய்யை அடுத்த நான்கு பெட்டிகளுக்கும் காப்பாற்ற வேண்டியதாயிற்று. அவர் மனத்தில் என் வீடு முழுக்க ஜன்னலாகத்தான் இருக்கும்.

அந்த முதல் வாள் மூன்று நாள் தாங்கியது. மொட்டை மாடியில் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு சுழற்றுச் சுழற்றினேன். கைப்பிடி என் கையில் இருந்தது. வாள் மட்டும் பறந்து போய், மனைவி காயப் போட்டிருந்த மோர்மிளகாய் நடுவில் விழுந்தது. கைப்பிடிக்குள் இறங்க வேண்டிய இரும்பு வால் பென்சில் கனத்தில் இருந்தது. அதையும் நுனியில் மட்டும் பற்றவைத்திருந்தார்கள். சுவரில் மாட்டி வைப்பதற்காகச் செய்தது, சுழற்றுவதற்கு அல்ல என்பதை நான் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். எல்லாவற்றையும் பிற்பாடு படித்துத் தெரிந்துகொள்வது என் தொழில்.

மனைவி மேலே வந்து பார்த்தாள். துணி, மிளகாய், வாள், நான் என்று வரிசையாகப் பார்த்தாள்.

"இம்புட்டுக் காசக் குடுத்து வாங்குனீக. ஒரு மொளகாயாவது வெட்டுச்சா?"

அன்று முதல் அவளைப் பொறுத்தவரை என் வாள்கள் எல்லாமே 'இரும்புச் சாமான்'. வைக்கும் இடம் கட்டிலுக்கு அடி. அவற்றுக்கு நான் பூசும் எண்ணெய் அவளுடைய தையல் மிஷின் எண்ணெய். மிஷின் கீச்சிடும்போதெல்லாம், "இரும்புச் சாமான் குடிச்சிருச்சு" என்பாள். கொஞ்ச காலத்துக்குப் பிறகு ஒரே ஒரு சலுகை தந்தாள். கூடத்துச் சுவரில் முன்பு குடியிருந்தவர்கள் அடித்துவிட்டுப் போன இரண்டு ஆணிகள் உண்டு. அங்கே ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். "ஒண்ணே ஒண்ணு. அதும் பாக்க லெச்சணமா இருக்கணும். வாரவுக போறவுக கேட்டா எனக்குச் சொல்லத் தெரியணும்."

அந்த இரண்டு ஆணிகளையும் நான் ஒரு வருடம் காலியாகவே வைத்திருந்தேன். அந்த இடத்துக்குத் தகுதியான வாள் என்னிடம் இல்லை. ஆயக்குடிக்காரரிடம் இருந்தது.

ஆயக்குடிக்காரர் என்று நான் சொல்வது ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் ஒருவரை. வாள் சேர்க்கும் எங்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. தமிழ்நாடு முழுக்கத் தேடி முப்பது பேர் தேறினோம். எல்லோரும் ஆண்கள், எல்லோருக்கும் முதுகு வலி. அதில் எனக்கு மிக அருகில் இருப்பவர் அவர்தான். அவரிடம் இரண்டு கையாலும் பிடிக்கிற ஐரோப்பிய நீள வாள் ஒன்று இருந்தது. வால் கைப்பிடியின் கடைசி வரை இறங்கி, முனையில் இருக்கும் குமிழோடு சேர்த்து அறையப்பட்டது. படத்தில் பார்த்தாலே கனம் தெரியும். ஒரு வருடமாக அதை நான் என் கைப்பேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் என்னிடமிருந்த கட்டானாவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே அந்தக் கட்டானாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜப்பானிய வாளை உலையில் காய்ச்சுவதற்கு முன்பு அதன் முதுகுப் பக்கம் களிமண்ணைக் கனமாகப் பூசுவார்கள், வெட்டும் பக்கம் மெல்லிசாகப் பூசுவார்கள். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் இறக்கும்போது மெல்லிசான பக்கம் சட்டென்று குளிர்ந்து இறுகும், முதுகு மெதுவாகக் குளிர்ந்து வளைந்து கொடுக்கும். இரண்டு இரும்பும் சந்திக்கிற இடத்தில், வாளின் நெடுக, அலை அலையாக ஒரு வெள்ளைக் கோடு விழும். அதற்கு ஹாமோன் என்று பெயர். அந்தக் கோடு வரைந்தது அல்ல, இரும்புக்குள்ளேயே இருப்பது. மலிவு வாள்களில் கம்பிப் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்து மேலாக ஒரு கோடு போட்டுவிடுவார்கள். நான் வாங்கியதில் உண்மையான கோடு என்று விற்றவர் எழுதியிருந்தார். நான் நம்பினேன். நம்பியதோடு நில்லாமல் குழுவில் ஒரு நீண்ட கட்டுரை எழுதி, அசல் கோட்டையும் போலிக் கோட்டையும் எப்படிப் பிரித்தறிவது என்று முப்பது பேருக்கும் பாடம் எடுத்தேன். உதாரணப் படமாக என் வாளைத்தான் போட்டேன்.

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் ஆயக்குடிக்காரர் கூப்பிட்டார்.

"ஏனுங்க, அந்தக் கோடு வாளு. மாத்திக்கறீங்களா? நம்ம நீட்டு வாளக் கொண்டாந்து குடுத்துடறனுங்க."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். அரை நிமிடம் யோசித்தேன். விஜயதசமியன்று காலை அவர் திண்டுக்கல் வருவதாக ஏற்பாடு. புதிதாக ஒன்றை வாங்கவும் தொடங்கவும் நல்ல நாள் என்றார் அவர். நான் கூடத்து ஆணிகளை அசைத்துப் பார்த்து, உறுதியாக இருக்கின்றன என்று நிம்மதியானேன்.

விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. அன்று காலை பொரி, கடலை, வெண்பூசணி, வாழைக்கன்று எல்லாம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். சம்பங்கி விலை ஏறியிருந்தது. பேரம் பேசினேன், விலை இறங்கவில்லை, நான் இறங்கினேன். திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் புளி வாசனை. பூஜைக்கு முன்னால் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் வருகிற வாசனைதான். குத்துவிளக்கு, தூபக்கால், மணி எல்லாவற்றையும் புளியும் கல்லுப்பும் செங்கல் பொடியும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்ப்பார்கள். பித்தளை பொன் மாதிரி ஆகிவிடும். அப்படிப் பளபளத்த விளக்குகள் பூஜை மேடையில் வரிசையாக இருந்தன. விளக்குகளுக்கு முன்னால் என் புத்தகங்கள், அவளுடைய தையல் மிஷினின் தலை, அரிவாள்மனை, திருப்புளி, கத்தரிக்கோல். இவற்றுக்கெல்லாம் நடுவில், சிவப்புத் துணி விரித்து, அதன் மேல் என் கட்டானா.

உறையிலிருந்து எடுத்து வைக்கப்பட்டிருந்தது. வாளின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நெடுக விபூதியைக் குழைத்து மூன்று பட்டை. இரும்பு தெரியாத அளவுக்குக் கனம். அதன் மேல் சந்தனம் மூன்று இடத்தில், சந்தனத்தின் மேல் குங்குமம்.

"என்ன பண்ணியிருக்க?" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"குறுக்க பட்டை போட்டா அம்பது போடணும். அதான் நெடுக்க இழுத்துட்டேன். தப்பா?"

"இல்ல, இத எதுக்கு எடுத்த?"

"நாளைக்கு ஆயக்குடிக்காரரு வாராரு, இது போகுதுன்னீக. அழுக்கோட குடுத்தா அவுக வீட்டுல நம்மளத்தான பேசுவாக. அதான் வெளக்கோட சேத்துப் போட்டுத் தேச்சேன். ஆயுத பூசைக்கு ஆயுதம்னு வீட்டுல இருக்கது அதுதான். நாலு வருசமா அரிவாமனையத்தான ஆயுதம்னு வச்சுக் கும்புடுறோம்."

இதை அவள் சொன்னவிதத்தை நான் கவனிக்காமல் இல்லை. நான்கு வருடத்தில் முதல் தடவையாக அவள் அதை ஆயுதம் என்று சொல்லியிருந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும். நிறையவிடாமல் ஒன்று தடுத்தது. கார்பன் இரும்புக்கு ஈரம் ஆகாது, உப்பு ஆகவே ஆகாது, புளி எதிரி. விரல் ரேகை பட்டாலே மறுநாள் துரு பூக்கிற இரும்பு. நான் அதைப் பருத்தித் துணியால் பிடித்து எடுப்பவன்.

"எப்படித் தேச்ச?"

"எப்படித் தேப்பாக. நல்லா அழுத்தித்தான். ஒரு பக்கமா வெள்ள வெள்ளயா அழுக்குக் கோடு ஒண்ணு ஓடிக் கெடந்துச்சு. லேசுல போகல. செங்கப்பொடி ரெண்டு கை சேத்துப் போட்டேன். அப்பறம் போயிருச்சு."

நான் பூசணிக்காயைக் கீழே வைத்தேன். சுவரோரம் உட்கார்ந்தேன்.

"வெயிலு ஒத்துக்கலையா? மோரு தரவா?"

மோரைக் குடித்தேன். குடிக்கும்போதே படித்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அசல் கோடு இரும்புக்குள் இருப்பது. நார் போட்டுத் தேய்த்தால் கொஞ்ச நேரம் மங்கித் தெரியலாம். ஆனால் புளிப்பு பட்டால் அது இன்னும் எடுப்பாகத் தெரியும். ஜப்பான் வாளுக்கு மெருகு போடுகிறவர்களே கோட்டை வெளியே கொண்டுவர லேசான அமிலம்தான் பூசுகிறார்கள். என் கட்டுரையிலேயே இதை எழுதியிருந்தேன். அப்படியானால் விபூதிக்கு அடியில், இந்த நிமிடம், ஒன்று அந்தக் கோடு முன்பைவிடத் தெளிவாக எழுந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் அங்கே ஒன்றுமே இருக்காது, எப்போதுமே இருந்திருக்காது. எது என்று தெரிய ஈரத் துணியால் ஓர் இழுப்பு போதும்.

அந்த இழுப்புக்குத்தான் வழியில்லை. நான் மோரைக் குடித்து முடிப்பதற்குள் பத்தரை மணியாகி, வாங்கி வந்த பொரியையும் வைத்துச் சூடம் காட்டிவிட்டாள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடிந்து, எடுத்துக் கொடுக்கும் வரை தொடக் கூடாது. தையல்காரர் ஊசியைத் தொட மாட்டார், மெக்கானிக் ஸ்பானரைத் தொட மாட்டார். எங்கள் தெருவில் ஆட்டோக்கள்கூட மாலை போட்டுக்கொண்டு வெயிலில் சும்மா நின்றன.

சாமி நம்பிக்கையில் நான் அப்படியொன்றும் கெட்டிக்காரன் இல்லை. வேறு வருடமாக இருந்தால் அவள் சமையலறையில் இருக்கும்போது ஒரு மூலையைத் துடைத்துப் பார்த்திருப்பேன். இந்த வருடம் முடியவில்லை. நான்கு வருடம் இரும்புச் சாமான் என்று சொன்னவள், தானே போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து எடுத்து, விளக்குகளுக்கு நடுவில் வைத்திருக்கிறாள். அதில் போய் நான் துணியை வைத்தால், அந்த வாள் மறுபடி என்றைக்கும் கட்டிலுக்கு மேலே வராது.

சரி, படித்துக்கொண்டாவது பொழுதைப் போக்கலாம் என்றால் புத்தகமும் பூஜையில். சரஸ்வதி பூஜையன்று வாசிக்கக் கூடாது. அன்று பகல் முழுக்க எனக்கு விலக்கப்படாத ஒரே காரியம் வாளைப் பார்ப்பது. பொரியைத் தின்றுகொண்டே பார்த்தேன். விபூதி காயக் காய வெளுத்தது. மூன்று மணி வாக்கில் குங்குமத்தைச் சுற்றிச் சந்தனத்தின் ஓரம் பழுப்பாவது போலத் தெரிந்தது. துருவா, சந்தனமே அந்த நிறமா என்று எட்டி நின்று கழுத்தை நீட்டினேன்.

"கும்புடணும்னா கிட்டக்க போய்க் கும்புடுங்க" என்றாள் மனைவி. "இப்படிப் பக்தியா உங்கள நான் பாத்ததே இல்ல."

மறுநாள் காலை ஏழு மணிக்கு மறுபூஜை. சூடம் காட்டி, ஒவ்வொரு பொருளையும் லேசாக நகர்த்தி வைத்தாள். நகர்த்திவிட்டால் எடுக்கலாம். புத்தகத்தை என் கையில் கொடுத்து நாலு வரி படிக்கச் சொன்னாள். எந்தப் புத்தகம், எந்த நாலு வரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படித்து முடித்ததும் வாளை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். பழைய வேட்டித் துணியால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை துடைத்தேன்.

அவ்வளவு சுத்தமான இரும்பை நான் பார்த்ததில்லை. என் மூக்கு தெரிந்தது. மூக்குக்கு மேல் கண்ணாடி தெரிந்தது. கோடு இல்லை. வெயிலில் சாய்த்தேன், நிழலில் சாய்த்தேன், டார்ச் அடித்துப் பார்த்தேன். புளி எடுப்பாக்கிக் காட்ட வேண்டிய இடத்தில் எடுப்பாக்க ஒன்றுமில்லை. குங்குமம் இருந்த மூன்று இடத்தில் மட்டும் காலணா அளவில் மூன்று துருப் புள்ளிகள் இருந்தன. அவை நன்றாகப் பிடித்திருந்தன. தேய்த்தால் போகாத குறி என்று அந்த வாளில் இருந்தது அவை மட்டும்தான்.

ஆயக்குடிக்காரர் வர இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. அந்த நான்கு மணி நேரத்தில் எனக்குத் தோன்றியவற்றை முழுதாகச் சொன்னால் குடும்பத்துக்கு ஆகாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். கம்பிப் பிரஷ்ஷால் கோடு போடும் முறை எனக்குத் தெரியும். கட்டுரையில் விளக்கியிருக்கிறேன். சமையலறைத் தொட்டியில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் இருந்தது. அதைக் கையில் எடுத்தேன்.

"அதான் தேச்சாச்சே. இன்னும் என்னத்தத் தேக்கப் போறீக?" என்று அடுப்பங்கரையிலிருந்து கேட்டாள்.

கீழே வைத்துவிட்டேன். மனசாட்சி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் எனக்கு நேர்கோடே போட வராது, அலைக்கோட்டுக்கு எங்கே போவேன். பிறகுதான் அதைவிடச் சுலபமான வழி ஒன்று இருப்பது புரிந்தது. நான் எதுவுமே செய்ய வேண்டாம். 'கோடு இருந்ததுங்க, வீட்டில் தெரியாமல் தேய்த்துவிட்டார்கள்' என்று சொன்னால் போதும். அவர் மரியாதை தெரிந்தவர், அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். ஒருவேளை, உள்ளே இருக்கும் கோடு எங்கே போகும், மெருகு போட்டால் வந்துவிடும் என்று நம்பி எடுத்துக்கொண்டே போனாலும் போவார். நீள வாள் ஆணிக்கு வந்துவிடும்.

பதினோரு மணிக்கு அவர் வந்தார். ஒரு கையில் கொய்யா நிறைந்த கட்டைப்பை, தோளில் தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற பிளாஸ்டிக் குழாய், இரண்டு பக்கமும் மூடி.

"பஸ்ஸுல வந்தனுங்க. கண்டக்டர் கேட்டாரு. மோட்டாருக்குக் கொழாய்னு சொன்னனுங்க. லக்கேஜு போட்டுட்டாரு."

அவரைவிட நான்கு வயது பெரியவனாக நான் இருப்பேன். ஆனால் அந்தக் கூடத்தில் நாங்கள் இருவரும் பள்ளிக்கூடத்துப் பையன்கள் மாதிரிதான் உட்கார்ந்திருந்தோம். அவர் குழாயின் மூடியைத் திருகினார். நீள வாள் வைக்கோல் சுற்றோடு வெளியே வந்தது. இரண்டு கையாலும் பிடித்தேன். படத்தில் தெரிந்த கனம் பொய் இல்லை. முன்பக்கம் கனத்து இழுக்காமல், தூக்கியதும் தானே நிமிர்ந்தது. என் கண் ஆணிகளுக்குப் போய்விட்டு வந்தது.

"நம்முளுத எங்கீங்க?" என்றார்.

கட்டானாவைக் கொண்டுவந்து கொடுத்தேன். முறைப்படி உறையோடு இரண்டு கையாலும் வாங்கி, தலை குனிந்து, மெதுவாக உருவினார். ஜன்னல் பக்கம் போனார். சாய்த்தார். திருப்பிச் சாய்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி சாய்த்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் காபியோடு மனைவி வந்தாள்.

"தம்பி, அது என் தப்பு. அதுல என்னமோ கோடு இருக்கணுமாமே. காலையிலருந்து இவுக மொகமே சரியில்ல, செத்த முன்னாடிதான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அழுக்குன்னு நெனச்சு நாந்தான் புளி போட்டுத் தேச்சுட்டேன். இவுக மேல ஒண்ணும் இல்ல. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

நான் சொல்ல வேண்டிய பொய்யை, அது பொய் என்று தெரியாமலே, எனக்காக அவளே சொல்லி முடித்துவிட்டாள். காபி டம்ளரை நீட்டியபடி நின்றாள். பாத்திரம் தேய்க்கத் தெரியாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பது போலிருந்தது. நான் சும்மா தலையாட்டினால் போதும்.

"தேச்சுப் போற கோடு இல்லீங்க அது" என்றேன் ஆயக்குடிக்காரரிடம். "இரும்புக்குள்ள இருந்தா புளி பட்டு இன்னும் நல்லாத் தெரியணும். இது பிரஷ்ல போட்ட கோடு. நாந்தான் ஏமாந்திருக்கேன். குழுவுல எழுதுனதெல்லாம் தப்பு."

மனைவி என்னைப் பார்த்தாள்.

"அப்ப நான் கெடுக்கலையா?"

"நீ கண்டுபிடிச்சுக் குடுத்திருக்க."

"அத அப்பவே சொல்லியிருக்கலாம்ல. கேட்டதுலருந்து எனக்குக் கஞ்சி எறங்கல."

எனக்கும்தான் இறங்கவில்லை என்பதைச் சொல்லும் நேரம் அது இல்லை.

ஆயக்குடிக்காரர் அந்த மூன்று துருப் புள்ளிகளை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பூசையில வெச்சதுங்களா?"

"ஆமாங்க."

"அப்பிடின்னா நான் எடுத்துட்டுப் போனா ஊட்டுல சத்தம் போடுவாங்க. பூசை போட்ட ஆயுதத்த அந்த ஊட்ட உட்டு எடுக்கக் கூடாதுன்னு எங்க பக்கம் ஒரு இது இருக்குதுங்க."

அப்படி ஒரு இது அவர்கள் பக்கம் உண்டா, அந்த நிமிடத்தில் உண்டானதா என்று எனக்குத் தெரியாது. ஆயக்குடியில் எனக்குத் தெரிந்த வேறு யாரும் இல்லை, கேட்கவும் விருப்பமில்லை. கட்டானாவை உறையில் போட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார். நான் நீள வாளைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுக்கும்போது அதை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. என் முழங்கால் நிலவரம் தெரியும் என்பதால் விட்டுவிட்டேன்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள். சாம்பார், இரண்டு வெஞ்சனம், முந்தின நாள் சுண்டல். அவர் சாப்பிடும்போது என் மனைவியிடம் மிகவும் சாதாரணமாக, மோர் கேட்பது போலக் கேட்டார்.

"ஏனுங்கக்கா, அது பழைய புளிங்களா, புதுப் புளிங்களா?"

"பழைய புளிதான் தம்பி. புதுசுல வேகம் பத்தாது."

"செங்கப்பொடி?"

"சலிச்சுப் போடணும். கல்லு கெடந்தா கீறிரும்."

"எவ்வளவு நேரம் தேச்சிருப்பீங்க?"

"வெளக்குக்குத் தேக்கிற நேரந்தான். ஏன், உங்க வீட்டுலயும் வெளக்குத் தேக்கணுமா?"

"ஆமாங்க" என்றார் அவர், சாப்பாட்டைப் பார்த்தபடி. அவரிடம் வேறு இரண்டு கட்டானாக்கள் இருப்பது எனக்குத் தெரியும். இரண்டிலும் கோடு உண்டு.

அவர் போன பிறகு மனைவி கொய்யாவைக் கழுவி, பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினாள். பிறகு நாற்காலியைப் போட்டு ஏறி, கட்டானாவைத் தானே அந்த இரண்டு ஆணிகளில் மாட்டினாள். இறங்கி, தள்ளி நின்று பார்த்தாள்.

"இது லெச்சணமா இல்லையே" என்றேன். "கோடும் இல்ல, துரு வேற."

"துரு இல்ல, குங்குமம். யாராவது கேட்டா ஆயுத பூசையில வச்சதுன்னு சொல்லுவேன். அதச் சொல்ல எனக்குத் தெரியும்."

குழுவில் ஒரு திருத்தம் எழுதிப் போட்டேன். நூலகர் என்ற முறையில் பிழை திருத்தம் எனக்குப் புதிதல்ல, ஆனால் இவ்வளவு நீளமான பிழையைத் திருத்தியதில்லை. புளி விஷயத்தையும் மறைக்காமல் எழுதினேன். முப்பது பேரில் ஒருவர்கூடப் பதில் போடவில்லை. வழக்கமாகக் காலை வணக்கம் போடுகிறவர்கள்கூட இரண்டு நாள் போடவில்லை. மூன்றாம் நாள் யாரோ ஒரு கேடயத்தின் படத்தைப் போட, எல்லோரும் பெருமூச்சு விட்டாற்போலக் கேடயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

ஒரு மாதம் கழித்து ஆயக்குடிக்காரர் கூப்பிட்டார். மழை, தோட்டம், பழனி ரோட்டில் பாலம் வேலை என்று பேசினார். பிறகு கேட்டார்.

"உங்களுத இன்னொரு கட்டானா இருக்குதுங்களே. அதையும் தேச்சுப் பாத்தீங்களா?"

"இல்லீங்க" என்றேன். "நீங்க?"

"நானும் இல்லீங்க" என்றார். கேள்வி முடிவதற்குள் பதில் வந்திருந்தது.

பிறகு நான் கொய்யா இப்போது என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டேன். அவர் மிக விரிவாகச் சொன்னார்.